போடிக்கு வராத கூலியாட்கள்

1

விசா மறுக்கப்பட்டது என்ற தகவல் வந்தபோது நான் வேலையிடத்துச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்காத இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

விசா எனக்கில்லை, என் தாய்மாமா ராசுவுக்கு. அவருக்கு எண்பது வயது. போடிநாயக்கனூரில் தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் நம் நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தவர். போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் விசா கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே தெருத்தெருவாக வேட்டையாடப்பட்ட ஓர் இனத்து மக்களுக்கு முத்திரை குத்திக் குத்தி வெளியே அனுப்பினார். அப்படித் தப்பியவர்களில் சில குடும்பங்கள் நான் இப்போது இருக்கும் ஊரில் வாழ்கின்றன. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கூடி, தாங்கள் தப்பிய நாளை நினைத்துப் பாட்டுப் பாடி, சூப் குடித்துக் கலைவார்கள். இந்த வருடம் மாமாவை மேடையில் உட்கார வைக்க ஆசைப்பட்டார்கள். நகராட்சியே அழைப்பு அனுப்பியது. விமான டிக்கெட்டுக்கும் ஆள் இருந்தது. விசாதான் கிடைக்கவில்லை. விசா கொடுத்ததற்காக மாலை போடப்பட வேண்டிய மனிதருக்கு விசா இல்லை என்றால், இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

நான் இருக்கும் நாட்டின் பெயரை எழுதாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் ஒருவருடைய மேசையில் கிடக்கிறது. அவர் தமிழ் படிக்கப் போவதில்லைதான், ஆனாலும் எதற்கு வம்பு. மாமா வேலை பார்த்த நாட்டின் பெயரையும் எழுத மாட்டேன். தப்பியவர்களின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மறுப்புக்குக் காரணம் ஒரே வரி. இவர் ஊர் திரும்புவார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தோட்டந்துரவு இல்லை. உறவினராக நானே அழைத்தால் நடக்குமா என்று கேட்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்ன உறவு என்று கேட்டாள். அம்மாவின் அண்ணன் என்றேன். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "தூரத்து உறவு" என்றாள். தாய்மாமா தூரத்து உறவாம்! மடியில் உட்காரவைத்து எனக்குக் காது குத்தியவர். கோபம் வந்தால் இந்த நாட்டு மொழி எனக்கு வாயில் நிற்காது. "அவர் தூரமில்லை, நீங்கள்தான் எங்களுக்குத் தூரம்" என்று சொல்ல நினைத்தேன். என்ன சொல்லித் தொலைத்தேனோ, அவள் மிகுந்த அனுதாபத்தோடு கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் காட்டினாள்.

மாமாவிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்தார்.

"நானா இருந்தாலும் மறுத்துருப்பேன்த்தா. எம்பது வயசுக் கெழவன், ஒண்டிக்கட்டை. திரும்பி வருவான்னு எவன் நம்புவான்? அந்தப் புள்ளைய ஏசாத. அது சோலிய அது சரியாத்தான் பாத்துருக்கு."

"நீங்க மட்டும் அப்பிடிப் பாக்கலையே மாமா."

"அதனாலதான கடைசி வரைக்கும் ஒரு மூலையில ஒக்காந்து ஃபைல் அடுக்க வுட்டாக."

அவருக்குக் கோபமே வருவதில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நானே படவேண்டியிருக்கிறது.

2

உண்மையைச் சொன்னால் எனக்கு மேடையும் மாலையும் பெரிதில்லை. அந்த மேடையை வைத்து வேறு ஒரு காரியம் சாதிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் அப்பாவை மாமாவோடு பேச வைக்க வேண்டும். வெளிநாட்டு நகராட்சி கூப்பிட்டுக் கௌரவிக்கிறது என்றால் அப்பா மாமாவை நம்பித்தானே ஆக வேண்டும்?

இருவருக்கும் பேச்சு நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் அம்மா தன் அண்ணன் வீட்டு வாசலை மிதித்தும் அவ்வளவு காலம். அப்பாவின் ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி மேலே இருக்கிறது. மாமா கீழே டவுனில். நடுவில் இருப்பது கொண்டை ஊசி வளைவுகள் மட்டும்தான். அம்மா மாத்திரை வாங்க மலை இறங்கும்போது ஜீப் மாமாவின் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். "நான் ஓரமா ஒக்காந்துக்குவேன். வாசல்ல நிக்கிறாரான்னு பாத்துக்குவேன். சில நாளு நிப்பாரு," என்பாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறையே இருக்காது. கேட்கிற எனக்குத்தான் ஆத்திரம் வரும். மாமாவுக்கு இந்த வருடம் இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. இன்னும் எத்தனை நாள் இப்படி ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள்?

சண்டை வந்த கதை இதுதான். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மலையில் ஏலக்காய் பயிரிட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே தலைவலி. காய் இருக்கும்போது ஆள் கிடைக்காது. தூதரகத்திலிருந்து மாமா ஒரு நாள் போன் செய்தார். "மாப்ளே, இந்தக் காய் எடுப்புக்கு நான் ஆளு அனுப்புறேன். நாப்பது பேரு. இந்த ஊரு ஆளுக. நீங்க வேலை தர்றதா எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க." அப்பா அன்றைக்கே போட்டு அனுப்பினார்.

வேறு ஊராக இருந்தால், கடல் தாண்டி வெள்ளைக்காரன் எதற்கு ஏலக்காய் பறிக்க வருகிறான் என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள். எங்கள் மலையில் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆள் பிடிக்கும் கங்காணி "ஆளு வருது" என்று வாயால் சொன்னால் போதும், இங்கே உலை வைத்துவிடுவார்கள். சொன்னவரோ தூதரக அதிகாரி, அதுவும் பெண் கொடுத்த மச்சான். அப்பா வழக்கமாக ராசிங்காபுரத்திலிருந்து வரும் ஜீப் ஆட்களிடம் இந்த முறை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் அடுத்த தோட்டத்துக்குப் போனார்கள். ஒரு சீசனில் கைமாறிய ஜீப் திரும்ப வராது. அப்பா ஆட்கள் தங்கும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். கம்பளி வாங்கினார். களியும் கருவாடும் அவர்களுக்கு ஒத்துவருமா என்று இரண்டு நாள் வீட்டில் வாக்குவாதம். கடைசியில் போடி பேக்கரியில் ரொட்டிக்குச் சொல்லிவைத்தார். டீக்கடை, உரக்கடை, காய் ஏலம் போடுகிற இடம் என்று ஒன்றைக்கூட விடாமல் எல்லோரிடமும் சொன்னார்.

வரவேண்டிய நாளில் இரண்டு ஜீப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மதுரை பஸ் ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றிலிருந்தும் நம்மவர்களே இறங்கினார்கள். மறுநாளும் போனோம். ரொட்டி காய்ந்துபோய் ஆட்டுக்குப் போட்டோம். தோட்டத்தில் காய் பழுத்து வெடித்தது, அணில் தின்றது போக மிச்சம் மண்ணில் உதிர்ந்தது.

அந்த நட்டத்தை அப்பா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது பெயர்தான். "வெள்ளைக்காரக் கங்காணி" என்று ஊர் பெயர் வைத்தது. பள்ளியில் நான் கங்காணி மகள். இன்றைக்கும் காய் ஏலத்துக்குப் போனால் யாராவது ஒருவர், "என்ன கங்காணி, ஆளு வந்துருச்சா?" என்று கேட்காமல் விட மாட்டார்.

கொஞ்ச காலத்தில் மாமாவை வேலையிடத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்தவரை அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "நாப்பது பேருன்னீகளே மச்சான், எங்க?" மாமா தலையைக் குனிந்துகொண்டு, "வரலை மாப்ளே," என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றோடு முடிந்தது. என் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை இல்லை, சீர்த்தட்டு இல்லை. மண்டபத்துக்கு எதிர்க்கடையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்த மாமாவை நான் மணமேடையிலிருந்தே பார்த்தேன்.

3

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். அங்கே அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் நாதியா. என்னைவிட ஒரு வயது மூத்தவள் இருப்பாள். சுருட்டை முடி, எப்போதும் அவசரம். மாமாவை அழைக்கும் பேச்சு எழுவதற்கு முன்பு ஒருநாள் நான் ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று மோந்து பார்த்தவள், இது எங்கே விளைவது என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில். சொன்னால் உனக்குத் தெரியாது."

"போடிநாயக்கனூரா?" என்றாள்.

ஓர் எழுத்துப் பிசகவில்லை. இந்த மண்ணில் பிறந்த என் மகன் கதிருக்கு அந்தப் பெயர் முழுசாக வாயில் வராது. நான் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னாள்.

அவர்கள் நாட்டில், அவள் இனத்தார் அகதி என்று சொல்லி எல்லையைத் தாண்ட முடியாது. பிடித்தால் ஆண்களை லாரியில் ஏற்றுவார்கள், லாரி மட்டும் திரும்பி வரும். ஆனால் கூலி வேலைக்கு வெளிநாடு போகிறேன் என்றால் விட்டுவிடுவார்கள். அந்த மக்கள் கூலியாகப் போவதைப் பார்ப்பதில் அந்த அரசாங்கத்துக்கு ஒரு திருப்தி. மாமா அந்தச் சந்துக்குள் புகுந்தார். பல் டாக்டர், தையல்காரர், பியானோ சொல்லிக்கொடுத்த நாதியாவின் அம்மா, எல்லோரும் என் அப்பாவின் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிற ஆட்கள் ஆனார்கள்.

எல்லைப் போலீஸ் முட்டாளில்லை, என்ன வேலை, எப்படிச் செய்வாய் என்று குடைவார்கள். ஏலக்காய் ஏதோ மரத்தில் தொங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது செடியின் தண்டான தட்டையின் அடியில், மண்ணை ஒட்டிச் சரம் விட்டுக் காய்க்கிறது என்பது மலைக்காரர்களுக்குத்தான் தெரியும். மாமா தூதரகத்தின் பின்கட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் கால்களில் தரையோடு தரையாகப் பாசிமணிச் சரங்களைக் கட்டிவிட்டாராம். குடும்பம் குடும்பமாக வரவழைத்துக் குனிந்து எடுக்கப் பழக்கினாராம். சின்ன மணி பிஞ்சு, தொடக்கூடாது. பெருத்த மணி மட்டும் எடுக்க வேண்டும். ஊர்ப் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

எல்லையில் ஓர் அதிகாரி பெரியவர்களை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வயது நாதியாவைத் தனியாக இழுத்தார். உன் அம்மா அங்கே போய் என்ன செய்வாள் என்று கேட்டார். நாதியா ரயில் நிலையத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இல்லாத தட்டையை விலக்கி, இல்லாத காயைப் பார்த்துப் பார்த்து எடுத்து, இல்லாத மடிப்பையில் போட்டாள். அதிகாரி சிரித்து, மண்ணைக் கிளறத்தான் நீங்கள் லாயக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த நாட்டில் ரயில் நின்றதும் எல்லோரும் இறங்கித் திசைக்கு ஒருவராகச் சிதறிப் புகலிடம் கேட்டார்கள். இந்தியாவுக்கு ஒருவரும் வரவில்லை. வரவேண்டும் என்று மாமாவும் நினைக்கவில்லை.

எல்லாம் சொல்லிவிட்டு நாதியா கேட்டாள். "அந்த ஊரில் எங்களுக்காக யாராவது காத்திருந்தார்களா?"

"இரண்டு ஜீப்போடு," என்றேன்.

4

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்தேன். பாதிவரை கேட்டார். "அவன் ஒனக்கும் கதை வுட்டுட்டானா? படிச்ச புள்ள, நீயும் நம்பிட்ட," என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அம்மா எடுத்து, "அவரு தண்ணி பாச்சப் போயிட்டாரு," என்றாள். மழை பெய்யும் சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.

மாமாவிடம் பாய்ந்தேன். இத்தனை வருடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

"அப்பச் சொன்னா மாப்ளே சும்மா இருப்பாரா? ஏலக்கடையில போயிப் பெருமையடிப்பாரு. அவுக கூலி ஆளுக இல்லேன்னு ஒரு காக்கா கத்தினாக்கூட, அங்கன மிச்சம் இருந்தவுகளுக்கு வழி அடைச்சுப்போகும்த்தா."

"பெறகு சொல்லிருக்கலாம்ல?"

"பெறகு சொன்னா எவன் நம்புவான்? ஒங்க அப்பனே நம்பலைல்ல."

நியாயமாகத்தான் பேசுகிறார். இந்த மனிதரின் நியாயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அத்தனை பேரைக் காப்பாற்ற எவ்வளவோ பொய் சொல்லத் தெரிந்தவருக்கு, கூடப்பிறந்தவளைப் பார்க்க ஓர் உண்மையைச் சொல்லத் துப்பில்லை.

வீட்டில் கதிர் இன்னொரு பக்கம். சட்டம் படிக்கிறான். கதையைச் சொன்னதும் இந்த நாட்டு மொழியில், மிக அமைதியாக, "சட்டப்படி அது மோசடிதானே அம்மா," என்றான். தட்டில் இருந்த தோசையை எடுத்து அவன் மூஞ்சியில் அறையலாமா என்று வந்தது. ஆனால் தமிழில் கத்தினால் அவனுக்குப் பாதி புரியாது, அந்த மொழியில் கத்தினால் எனக்குப் பாதி வராது. எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே இப்படிப் பாதியில் நின்றுபோகின்றன. கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, "அப்புறம் தோட்டத்துத் தாத்தாகிட்ட யாரும் சாரி சொல்லலையா?" என்று தமிழில் கேட்டான். 

5

விழா நாளில் மேடையில் ஒரு காலி நாற்காலி போட்டு, அதற்குக் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. பக்கத்தில் இருந்த நாதியா என் கையைப் பிடித்து, "அவரால் வர முடியாவிட்டால் நாம் போவோம்," என்றாள். அவளுக்கு நம் நாட்டு விசா விரைவாகக் கிடைத்துவிட்டது. "இது இரண்டாவது. முதலில் வாங்கியதைத்தான் பயன்படுத்தவில்லையே," என்று சிரித்தாள்.

போடியில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். நாதியாவைப் பார்த்ததும் அவள் மொழியில் ஏதோ கேட்டார். அவள் தன் அம்மா இறந்துவிட்டதைச் சொன்னாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோட்டத்துக்கு வாருங்கள் மாமா என்று கெஞ்சினேன். "மாப்ளே கூப்புடாம அவரு மண்ணுல நாங் காலு வைக்க மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க," என்று உள்ளே போய்விட்டார். வீம்பில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை.

காய் எடுக்கும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு நாதியா கண்ணை மூடிக்கொண்டாள். தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா நாதியாவைப் பார்த்தார்.

"யாருத்தா இது?"

"மாமா அனுப்புன ஆளுப்பா. அந்த நாப்பதுல ஒண்ணு."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "ஊரு சிரிச்சது பத்தாதுன்னு நீ வேற வேசம் கட்டிக் கூட்டியாந்துருக்கியா? யாரையோ கூட்டியாந்து நிறுத்துனா நான் நம்பிருவனா? சாப்புட்டு வெரசா எறங்குற வழியப் பாருங்க."

நாதியாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. என்னைக் கேட்காமல், யாரையும் பார்க்காமல், தட்டைகளுக்குள் நடந்தாள். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இடது கையால் இலையை ஒதுக்கி, அடியில் கிடந்த சரத்தைத் தூக்கி, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளினாள். அவள் உண்மையான ஏலச் செடியைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கை மட்டும் தடுமாறவில்லை. எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "யாருட்டக்கா படிச்சுது இது?" என்று என்னைக் கேட்டாள்.

அப்பா மெதுவாக இறங்கி அவளிடம் போனார். புது ஆளிடம் கேட்பதுபோலக் கையை நீட்டினார். அவள் உள்ளங்கையை விரித்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒரே ஒரு பிஞ்சைப் பொறுக்கி எறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப இதுக்கு எத்தன வயசு?"

"பன்னெண்டுப்பா."

"பன்னெண்டு வயசுப் புள்ளய நான் எடுப்புல விட்டுருக்க மாட்டேன். ஒன்கூடப் பள்ளியோடத்துக்குத்தான் அனுப்பிருப்பேன்," என்றார்.  நிமிர்ந்து, "மிச்சப் பேரு?" என்றார்.

"அத்தன பேரும் உசுரோட தப்பிச்சுட்டாகப்பா. இவ அம்மா மாதிரி வயசாகிப் போனவுக போக, எல்லாரும் புள்ளகுட்டியோட இருக்காக."

 ஸ்டோர்ப் பக்கம் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதற்குப் பின்னால் இருக்கும் பாறை. அப்பா அதில் ஏறி நின்றுகொண்டு என்னிடம் போனுக்குக் கையை நீட்டினார். நான் மாமாவின் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

"மச்சான், நாந்தான். ஒரு ஆளு வந்துருச்சு," என்றார். மாமாவுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. அப்பா மலையே அதிரக் கத்த ஆரம்பித்தார். "முப்பது வருசங் கழிச்சு ஒரு ஆளு அனுப்புனா ஆச்சா? மிச்ச ஆளு எங்கய்யா? என்னயக் கங்காணியாக்கிட்டு நீரு பாட்டுக்குக் கதவ அடைச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தா என்ன அர்த்தம்? ஜீப்பு அனுப்புறேன். நேர்ல வந்து கணக்குச் சொல்லும்."

திரும்பி, கீழே போக ஜீப்பைத் தயார் பண்ணச் சொல்ல வாயெடுத்தார். அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.